இரண்டு பூட்டுப் போட்ட மதகு

சென்னையிலிருந்து புறப்பட்ட பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மா, திருத்தணி தாண்டுவதற்குள் மூன்று தடவை கேட்டுவிட்டார்: "தரிசன டிக்கெட் எடுத்துட்டியாம்மா?" நான் கோயிலுக்குப் போகவில்லை, மாம்பழக் கூழ் தயாரிக்கும் ஒரு கொம்பனியின் கழிவுத் தண்ணீரைப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கைப்பையிலிருந்து ஒரு முறுக்கை எடுத்துத் தந்தார். பாவம் என்று நினைத்திருக்க வேண்டும்.

நான் யாழ்ப்பாணத்தவள். சாவகச்சேரிப் பக்கம் உள்ள சின்னப் பழரசக் கொம்பனி ஒன்றில் தரக்கட்டுப்பாடு என் வேலை. எங்கள் பின்வளவில் விட்ட கழிவுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் இறங்கி, பின்னால் இருக்கும் வீடுகளின் கிணறுகளில் புளித்த மணமாக எழும்பத் தொடங்கியிருந்தது. தவமணி அக்கா என்பவர் ஊரைத் திரட்டிக்கொண்டு வந்தார். மாத முடிவுக்குள் ஒரு வழி சொல்லாவிட்டால் கேற்றை மறிப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார். முதலாளி இரண்டு நாள் யோசித்தார். "ஆந்திராவில ஒரு கொம்பனி நல்ல மெஷின் போட்டிருக்காம். போய்ப் படம் எடுத்துக்கொண்டு வா" என்றார். கடவுச்சீட்டு காலாவதியாகாமல் இருந்தவள் நான் ஒருத்திதான். அதனால் எனக்கு வாய்த்தது இந்தப் பயணம்.

திருத்தணிக்கு அப்பால் கண்டக்டரின் மொழி மாறியது. ஒரு வசனம் தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடிந்தது. நகரி மலை, மல்லாந்து படுத்தவனின் மூக்கைப் போல வானத்தில் நீட்டிக்கொண்டு நின்றது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே பஸ் நின்றது. பத்து நிமிடம். இருபது நிமிடம். எட்டிப் பார்த்தால் சாலையின் ஓரம் முழுக்க டிராக்டர்கள். ஒவ்வொன்றின் பெட்டியிலும் மாங்காய் மலைபோல. வெய்யிலில் அந்த மணம்! எங்கள் ஊர் ஆனி மாதம் முழுவதையும் ஒரே மூச்சில் இழுத்தது போல இருந்தது.

"திகண்டி, திகண்டி" என்றார் கண்டக்டர். இறங்கச் சொல்கிறார். "ஃபாக்டரிக்குத்தானே? இந்த லைனப் புடிச்சுக்கினே நட. லைன் எங்க முடியுதோ அதான் ஃபாக்டரி."

நடந்தேன். சூட்கேஸின் ஒரு சில்லு நூறு மீற்றருக்குள் கழன்றது. நான்காவது டிராக்டரின் மேலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். "பொட்டிய இஸ்துக்கினு எங்கம்மா போற? குடு இப்டி." என் சூட்கேஸ் மாங்காய்க் குவியலின் மேல் ஏறிக்கொண்டது. அவர் பெயர் முனிரத்தினம். சத்தியவேடு பக்கத்து விவசாயி. இரண்டு ஏக்கர் மாந்தோப்பு. வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு.

"உனக்கு எந்த ஊரு? கேரளாவா?"

"இல்லை அண்ணை, யாழ்ப்பாணம்."

"அதான பாத்தேன். தமிழ் மாதிரியே பேசறயேன்னு."

அவர் நேற்றுக் காலை வந்து வரிசையில் நின்றவர். இன்னும் கேட் கண்ணில் படவில்லை. ஏற்றியிருந்தது கிளிமூக்கு மாங்காய். மாம்பழத்தில் எங்கள் கறுத்தக்கொழும்பானை வெல்ல ஆளில்லை என்று நான் பெருமை பேசினேன். அவர் கவலையோடு தலையை ஆட்டினார். "மாங்கா கறுத்தா கெட்டுப்போச்சுன்னு அர்த்தம்மா."

மாலையில் கொம்பனி மேனேஜர் சுதாகர் என்னை உள்ளே கூட்டிப்போனார். சித்தூர்க்காரர், தெலுங்கர், என்னோடு மிகக் கவனமாகத் தமிழ் பேசினார். நான் பார்க்க வந்தது பெரிய வட்டத் தொட்டி ஒன்று. கழிவுத் தண்ணீர் அதற்குள் புளித்து வாயு வருகிறது. அந்த வாயுவில்தான் கொதிகலன் எரிகிறது. பிறகு தண்ணீர் ஒரு குட்டைக்குப் போகிறது. அங்கே மோட்டார் ஒன்று தண்ணீருக்குள் ஓயாமல் காற்றை ஊதி அதைத் தெளியவைக்கிறது. நான் படம் எடுத்துத் தள்ளினேன். தோல் எங்கே என்று கேட்டேன். ஊர் மாடுகளுக்குப் போகிறதாம். கொட்டை? ஊர்ப் பெண்கள் சங்கம் வாங்கிப்போய் முளைக்கவைத்துக் கன்று ஒட்டி விற்கிறதாம். எங்கள் கொம்பனியில் இரண்டையும் கிடங்கு வெட்டித் தாட்டுக்கொண்டிருந்தோம். ஈக்கள் மட்டும் எங்களை வாழ்த்திக்கொண்டிருந்தன.

குட்டையின் கடைசியில் ஒரு சின்ன இரும்பு மதகு. அதைத் தாண்டினால் வாய்க்கால். வாய்க்கால் ஊர் ஏரிக்குப் போகிறது. மதகின் சக்கரத்தில் சங்கிலி சுற்றி இரண்டு பூட்டுப் போட்டிருந்தார்கள்.

"ஒரு சாவி என்கிட்ட. இன்னொண்ணு காலனியில அமுலு அக்காகிட்ட" என்றார் சுதாகர்.

"ஏன்?"

அவர் சிரித்தார். "அவங்களையே அடகண்டி மேடம்."

மறுநாள் காலை கேட்கத்தான் போனேன். அமுலு அக்காவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். நான் போனபோது தொழுவத்தில் நின்று மாட்டைத் தெலுங்கில் அதட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் தமிழுக்கு மாறினார். "பலமனேர் சந்தைல வாங்கன மாடு. அதுக்குத் தமிழ் வராது."

அவர்கள் குடும்பத்துக்கு முன்பு ஒரு சாண் நிலம்கூட இல்லை. இப்போது ஒரு ஏக்கர் இருக்கிறது, நடுவில் கூலி வேலைக்கும் போகிறார். குட்டையில் தெளிந்த தண்ணீரில் அவர் வளர்க்கும் தீவனப் புல் என் தோளுயரம் நின்றது. எனக்குத் தந்த தட்டில் கேழ்வரகுக் களி, வேர்க்கடலைச் சட்னி. அதை இங்கே சங்கட்டி என்கிறார்கள். "துன்னு, வெக்கப்படாத துன்னு" என்றார். எங்கள் ஊரில் ஆடுமாடு தின்னும், மனிதர் சாப்பிடுவர். ஒரு கணம் திகைத்தேன். அடுத்த கணம் தின்றேன். அந்தச் சட்னிக்காக என் மரியாதை முழுவதையும் விடலாம்.

அக்கா கதை சொன்னார். சில வருடங்களுக்கு முன்னால் ஏரி பழுப்பு நிறமாகியிருக்கிறது. மீன் மிதந்தது. அவருடைய கன்றுக்குட்டி ஒன்று அந்தத் தண்ணீரைக் குடித்துச் செத்தது. ஊர் முழுவதும் கேட்டின் முன் உட்கார்ந்தது.

"பன்னெண்டு நாளு அங்கயே ஆக்கித் துன்னோம். மொதலாளி இன்னா பண்ணாரு தெரியுமா? இஸ்கூல் பசங்களுக்கு நோட்டு புக்கு குடுத்தாரு. பஸ் ஸ்டாப்புக்குப் பெயிண்டு அடிச்சாரு. பசங்க ஒரு கையால மூக்கப் பொத்திக்கினு இன்னொரு கையால அந்த நோட்டுல எழுதனாங்க."

எடுத்த களியைத் திரும்பத் தட்டில் வைத்தேன். தை மாதம் எங்கள் கொம்பனியும் கிணறு பழுதான அதே ஊர்ப் பிள்ளைகளுக்குப் புத்தகப் பை கொடுத்தது. பையைக் கொடுக்கும் படத்தில் சிரித்துக்கொண்டு நிற்பது நான்.

"அப்பால மொதலாளியோட உக்காந்து பேசனோம். ரெண்டு நாளு பேசனோம்."

எங்கள் ஊரில் பேசுவது என்றால் ஏசுவது. இரண்டு நாள் ஏச்சு வாங்கிய அந்த மனிதரை நினைத்துப் பரிதாபப்பட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் விளங்கியது, இவர்கள் 'கதைத்திருக்கிறார்கள்' என்று. அக்காவிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "மொத நாளு உங்க ஊரு பேச்சு. ரெண்டாவது நாளுதான் எங்க ஊரு பேச்சு."

சாவி வந்தது அந்த இரண்டாவது நாளில். "மெஷினு போடறேன்னாரு. போடு சார், ஆனா நீ மெஷின நிறுத்திட்டு நைசா தொறந்துவுட்டா எனக்கு எப்டித் தெரியும்னேன். பூட்டுப் போடு, ஒரு சாவிய எங்கிட்ட குடுன்னேன். குடுத்துட்டாரு. தண்ணி தெளிஞ்சாத்தான் ரெண்டு பேரும் சேந்து தொறப்போம்." அக்கா கழுத்துக் கயிற்றை இழுத்துக் காட்டினார். தாலியோடு சேர்ந்து அந்தச் சாவியும் தொங்கியது.

"உங்க ஊர்ல யாரு தண்ணியப் பாக்கறது?" என்று கேட்டார்.

"நான்தான்."

"தண்ணி நல்லாத்தான் கீதா?"

தவமணி அக்கா வீட்டுக்கு ஒரு பரிசோதனைத் தாளைக் கொண்டுபோய், கிணற்றில் கழிவு அனுமதித்த அளவுக்குள்தான் இருக்கிறது என்று வாசித்துக் காட்டியவள் நான். அந்தத் தாளுக்கான மாதிரி எடுத்த கிணறு, கொம்பனியின் முன்பக்கக் கிணறு. எடுக்கச் சொன்னது முதலாளி. எடுத்தது என் கை. இதை யாரிடமும் நான் சொன்னதில்லை. முன்பின் தெரியாத அந்தப் பெண்ணிடம், களித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, சொல்லிவிட்டேன்.

அவர் என்னைத் திட்டவில்லை, தேற்றவும் இல்லை. "அப்ப அவங்களுக்கு இன்னும் தெரியாதா?" என்று மட்டும் கேட்டார்.

அதற்குள் அவருடைய போன் அடித்தது. சுதாகர்.

"அக்கா, காத்து ஊதற மோட்டார் எரிஞ்சுபோச்சு. ஸ்பேர் மோட்டாரு போன வாரம்தான் ரிப்பேருக்குப் புத்தூர் போயிருக்கு. குட்டை நெறைஞ்சுகினு வருது. நீங்க வாங்க."

ஓடினோம். உண்மையாகவே ஓடினோம், அக்கா செருப்பில்லாமல், நான் கை கழுவாமல். குட்டை விளிம்புக்கு ஒரு முழம் கீழே நின்றது. நேற்றுத் தெளிவாக இருந்த தண்ணீரின் மேல் சாம்பல் நிற ஆடை. எனக்கு மூக்கே சொல்லிவிட்டது. எங்கள் பின்வளவின் மணம்.

வழி இரண்டுதான். மதகைத் திறந்து ஏரிக்கு விடலாம். அல்லது கொம்பனியை நிறுத்தலாம். வெளியே கண்ணுக்கு எட்டிய தூரம் டிராக்டர்கள். வெய்யில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது.

சுதாகர் தன் சாவியை எடுக்கவில்லை. அக்காவின் சாவியையும் கேட்கவில்லை. நேரே உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் கன்வேயர் நின்றது, நீராவி அடங்கியது. காது அடைத்தது போல ஓர் அமைதி. அதன் பிறகுதான் முதலாளிக்கு போன் போட்டார். சத்தம் வெளியே கேட்டது. "நிறுத்திட்டீங்களா?" என்று தெலுங்கில் ஒரு குரல். சுதாகர் காரணத்தைச் சொன்னார். "சரே." சரி என்கிறார், அவ்வளவுதான்.

அமைதி அதிக நேரம் நிலைக்கவில்லை. விவசாயிகள் கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். முன்னால் முனிரத்தினம். நேற்று என் பெட்டியை வாங்கி ஏற்றிய மனிதரா என்று இருந்தது.

"ஒரே ஒரு நாளு தொறந்துவுட்டா இன்னா அக்கா? ஏரி செத்தாப் பூடும்?"

அமுலு அக்கா வாதாடவில்லை. ஒரு வாளியில் குட்டைத் தண்ணீரை மொண்டார். ஏரிக்கரையில் நின்ற ஒருவரிடம் சொல்லி, வலையில் நாலைந்து கெண்டைக் குஞ்சுகளைக் கொண்டுவரச் செய்தார். வாளியில் விட்டார். எல்லோரும் குனிந்து பார்த்தோம். குஞ்சுகள் மேலே வந்தன. வாயை வாயைத் திறந்தன. ஒன்று பக்கவாட்டில் சரிந்தது. நான் படித்த சோதனைகள் எல்லாவற்றையும்விட அது வேகமாக முடிந்தது. அக்கா மற்றவற்றை அள்ளி நல்ல தண்ணீர்ச் சட்டிக்கு மாற்றினார்.

முனிரத்தினத்தின் குரல் இறங்கிவிட்டது. ஆனால் அவர் விடவில்லை. "மீன் சாவறது எனக்கும் தெரிது அக்கா. என் மாங்காவும்தான் சாவுது. அத யாரு பாப்பா?"

நியாயமான கேள்வி. சுதாகர் நிலத்தைப் பார்த்தார். அக்கா தூரத்தில் இருந்த பச்சை வலைக் கொட்டகையைப் பார்த்தார். பெண்கள் சங்கத்தின் மாங்கன்றுகள் அதற்குள்தான் இருந்தன.

"நான் பாக்கறேன்" என்றார். "எங்க செட்டுல எறக்கு. நெழல்ல கெடந்தா ரெண்டு நாளு தாங்கும்."

"கன்னுங்க?"

"மரத்தடில வச்சுக்கறோம். பொழைக்கறது பொழைக்கட்டும்."

சங்கத்துப் பெண்கள் வந்தார்கள். சிலர் முணுமுணுத்தார்கள், ஒருத்தி அமுலு அக்காவோடு சண்டையே பிடித்தாள். எங்கள் ஊர் அர்த்தத்தில் நன்றாகப் பேசினாள். பேசிக்கொண்டே கன்றுகளையும் தூக்கினாள். நூற்றுக்கணக்கான கன்றுப் பைகள் புளிய மரங்களின் அடிக்குப் போயின. பிறகு டிராக்டர்கள் ஒவ்வொன்றாகக் கொட்டகைக்குத் திரும்பின. சுதாகர் கொம்பனியின் சரக்குக் கிடங்கையும் திறந்துவிட்டார், ஷர்ட் கையை மடித்துக்கொண்டு வரிசையில் நின்றார். கைக்குக் கை கூடை மாறியது. நானும் நின்றேன், முனிரத்தினத்துக்கும் ஆபீஸ் கணக்கருக்கும் இடையில். மாம்பால் பட்டுக் கை எரிந்தது. வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஒரு விபத்தின் நடுவில் நின்றுகொண்டு அவ்வளவு சந்தோஷப்படலாமா தெரியாது. ஆனால் இருந்தேன். மெஷினைப் பார்க்க வந்தவளுக்கு, மெஷின் நின்றபின்தான் எல்லாம் கண்ணில் பட்டது.

நடுவில் யாரோ ஒரு தட்டில் மாங்காய்த் துண்டுகளை உப்பு, மிளகாய்த்தூள் தூவிக் கொண்டுவந்தார்கள். முனிரத்தினம் என்னிடம் நீட்டினார். "துன்னு. உன் கறுத்த மாங்கா மாரி இருக்குதா?" இல்லை என்றேன். அந்த நேரத்தில் அதைவிட நன்றாக இருந்தது என்று சொல்ல யாழ்ப்பாணத்தவளுக்கு மனம் வரவில்லை.

அன்று சரியாக நாலு மணிக்குப் புத்தூரிலிருந்து மோட்டார் வந்தது. ஆட்டோவில், சீட்டில் உட்கார்த்திவைத்து, சேலைத் துணியால் கட்டி, மாப்பிள்ளை அழைப்பைப் போலக் கொண்டுவந்தார்கள். பொருத்தி முடித்ததும் குட்டையில் குமிழிகள் எழுந்தன. யாரோ கைதட்டினார்கள். எல்லோரும் தட்டினோம்.

மோட்டார் வந்த மூன்றாம் நாள் பதினொரு மணிக்கு அக்கா மறுபடியும் வாளியை இறக்கினார். குஞ்சுகள் அடிக்குப் போய்ச் சுற்றின, மேலே வரவே இல்லை. கால் மணி நேரம் பார்த்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது. அவருக்குப் போகவில்லை. பிறகு கழுத்துக் கயிற்றை இழுத்தார். சுதாகர் பையிலிருந்து தன் சாவியை எடுத்தார். இரண்டு பூட்டும் விழுந்தன. தண்ணீர் வாய்க்காலில் இறங்கி ஓடியது. கொம்பனிக்குள் கன்வேயர் உறுமத் தொடங்கியது.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று சொல்ல முடியாது. முனிரத்தினத்தின் டிராக்டர்ப் பெட்டியில் அடியில் கிடந்த காய்கள் அழுகிப்போயிருந்தன. புளிய மரத்தடியில் வெய்யில் பட்ட பக்கத்துக் கன்றுகள் தலை சாய்ந்துவிட்டன. சண்டை பிடித்த பெண் அவற்றை ஒவ்வொன்றாகத் தனியே எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள். ஸ்பேர் மோட்டாரை வருடத்தின் இந்த மாதத்தில் வெளியே அனுப்பியது யார் என்று அமுலு அக்கா சுதாகரை நிற்கவைத்துக் கேட்டார். அவர் தான்தான் என்று ஒப்புக்கொண்டார்.

பிற்பகல் பஸ்ஸில் திருப்பதிக்கு வந்தேன். சென்னை ரயிலுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரர்கள் மூன்று மொழியில் தரிசனத்துக்குக் கூப்பிட்டார்கள். மொட்டைத் தலைகளில் சந்தனம் மணத்தது. ஒரு குடும்பம் லட்டைப் பிட்டு முன்பின் தெரியாத எனக்கும் ஒரு துண்டு தந்தது. அதை வாயில் போட்டுக்கொண்டு முதலாளிக்கு போன் எடுத்தேன்.

"படம் எல்லாம் வந்தது. நல்ல மெஷின்" என்றார்.

"சேர், மெஷின் வரும்வரைக்கும் பின்வளவுக்குப் போற பைப்பை மூடுங்கோ. இண்டைக்கே."

"மூடினா உற்பத்தி நிக்கும் பிள்ளை."

"நிக்கட்டும் சேர். நான் முன்கிணத்துத் தண்ணிக்குக் கையெழுத்து வைச்ச தாளைத் திரும்ப வாங்கப் போறன். தவமணி அக்காட்டச் சொல்லப் போறன்."

"நீ மெஷின் பாக்கப் போனனியோ, போராட்டம் நடத்தப் போனனியோ?" என்று கத்தினார். ரயில் அறிவிப்பு தெலுங்கில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை போனது. "மூண்டு நாளைக்கு மூடுறன். நீ வந்து சேர்" என்று வைத்துவிட்டார். மூன்று நாள் போதாது. ஆனால் பைப்பை மூடுவார்.

அடுத்த எண்ணை அழுத்தினேன். தவமணி அக்காவின் எண் என்னிடம் ஒரு வருடமாக இருந்தது. ஒரு தடவையும் நான் எடுத்ததில்லை.

"ஓம், யார்?"

"அக்கா, நான் கொம்பனிச் சுகந்தி. உங்களுக்கு நான் வாசிச்சுக் காட்டின தாள் பொய். அது முன்பக்கக் கிணத்துத் தண்ணி. உங்கட கிணத்தில நான் அள்ளவேயில்லை."

பின்னால் ஒரு கோழி கொக்கரித்தது.

"எனக்குத் தெரியும்" என்றார். "நீ வாளியோட முன்பக்கம் போறதை நான் மதிலாலை பாத்தனான். நீயே வந்து சொல்லுவாயோ எண்டுதான் பாத்துக்கொண்டிருந்தன்."

நான் ஸ்டேஷன் தூணில் சாய்ந்துகொண்டேன். பிறகு எல்லாவற்றையும் கொட்டினேன். நோட்டுப் புத்தகம், பன்னிரண்டு நாள், மதகு, வாளி, குஞ்சு மீன், கொட்டகை எல்லாம். அவர் குறுக்கிடவேயில்லை. நான் முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்த மனுசியின்ர போன் நம்பர் இருக்கோ?"

முதலில் அமுலு அக்காவிடம் சம்மதம் கேட்டேன். "குடு, குடு" என்றார். கொடுத்தேன். ரயில் ஏறி, ரேணிகுண்டா தாண்டும்போது, பத்திரமாக ஏறிவிட்டேன் என்று சொல்ல அமுலு அக்காவை அழைத்தேன். வேறு அழைப்பில் இருந்தார். புத்தூரில் மறுபடியும் முயன்றேன். அப்போதும் இருந்தார். தவமணி அக்காவை அழைத்தேன்.

அவரும் வேறு அழைப்பில் இருந்தார்.